சவரம் செய்யாமல் போங்க ஐயா

நிஜமாகவே நோயாளியான ஒருவரை, பார்த்தவுடன் நோயாளி என்று தெரிகிற மாதிரி போகச் சொன்னால், அது பொய் சொல்லச் சொன்னதாகுமா? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

காரைக்குடியில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்து டைப்பிங் வேலைக்குத்தான் சேர்ந்தேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ராணுவத்தில் இருந்தவர்கள். டிசபிலிட்டி பென்ஷன் இல்லை என்று பதில் வந்ததும் அப்பீல் போட வருவார்கள். அதில் கிட்னி கேஸ்கள் கஷ்டமானவை. குண்டடி பட்ட காலைக் காட்டலாம், கிட்னியை எப்படிக் காட்டுவது? ‘பணியால் வந்த நோயல்ல, பணியால் முற்றியதுமல்ல’ என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால், அந்த ஒரு வரியை உடைக்கத்தான் எங்கள் பாடு அத்தனையும். பிரஷர் எந்த போஸ்டிங்கில் முதலில் பதிவானது, அதன் பிறகு கிட்னி கெடக் கெட ரத்தத்தில் கூடுகிற கிரியேட்டினின் எப்படி ஏறியது என்று ஒவ்வொன்றாகக் கோத்துக் காட்ட வேண்டும்.

1. டீக் ஹை சாப்

முத்துக்கருப்பன் ஐயா நாச்சியாபுரத்துக்காரர். ஹவில்தாராக இருந்தவர். பனிமலை போஸ்டிங்கில் பிரஷர் வந்து, அது கிட்னியைப் பிடித்து, மருத்துவக் காரணத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். டயாலிசிஸ் வரை போகவில்லை. கால் வீங்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆளைப் பார்த்தால் எதுவும் தெரியாது. தினமும் சவரம், மீசைக்கு மை, மடிப்புக் கலையாத சட்டை.

பால்வாடி விட்டதும் என் மகள் மித்ரா என் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். உள்ளே வரும்போதே அவளுக்கு ஒரு சல்யூட் வைப்பார். அவளும் எழுந்து நின்று இடது கையால் பதில் சல்யூட் வைப்பாள்.

“மேஜர் மேடம், கை மாறிப்போச்சுல்ல?” என்பார்.

முதல் போர்டில் என்ன நடந்தது என்று வக்கீல் சார் அவரிடம் கேட்டார்.

“எப்படி இருக்கேன்னு ஆபீசர் கேட்டாரு. ‘டீக் ஹை சாப்’னேன்.”

“ஏன் ஹவில்தாரே, நல்லா இருக்கேன்னு சொல்லவா அம்புட்டுத் தூரம் போனீக?”

“ஆபீசர் கேட்டா வேற என்னத்தச் சொல்றது சார்? சேந்த நாள்லருந்து அதத்தான சொல்லியிருக்கு.”

அந்த போர்டு மறுத்தது. முதல் அப்பீலும் தள்ளுபடியானது. இரண்டாவது அப்பீலில்தான் சென்னையில் இன்னொரு போர்டுக்குக் கூப்பிட்டார்கள். இதையும் விட்டால் வழக்குத்தான். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

2. யாருக்குத் துக்கம்?

“நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா சண்டைக்கு வருவாரு” என்றார் வக்கீல் சார். நானே சொன்னேன்.

“ஐயா, போர்டுக்குப் போற வரைக்கும் சவரம் செய்யாதீங்க. மீசைக்கு மை வேண்டாம். ஷூவுக்குப் பதிலா செருப்புப் போட்டுக்கங்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி வள்ளிமயில் அக்காதான் பேசினார்.

“தாடியோட வாசல்ல உக்காந்தா ஊருல என்ன நெனப்பாக? யாருக்குத் துக்கம்னு கேக்க மாட்டாகளா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?”

“கொஞ்ச நாள்தானக்கா.”

“ஏந்தாயி, என்னையப் பிச்சைக்காரனாட்டம் போகச் சொல்றீகளா?” என்று அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. “உங்க நல்லதுக்குத்தான் ஐயா” என்றேன். என் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது நான் சொல்கிற அதே வார்த்தை.

சென்னைக்குக் கிளம்பிய அன்று, பேப்பர்களை வாங்க ஆபீசுக்கு வந்தார். நரைத்த தாடி, வெளுத்த மீசை, ரப்பர் செருப்பு. வீங்கிய பாதம் அதில் அடங்கவில்லை. நான் அந்தப் பாதத்தைப் பார்த்தது அன்றுதான். பழக்கத்தில் மித்ராவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரும்மா அது?” என்றாள்.

அவர் கை பாதியில் நின்றது. அந்தக் கையாலேயே தாடியைச் சொறிந்துகொண்டு, “பேப்பரக் குடுங்க தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

3. உத்தரவு

பணியால் நோய் முற்றியது என்று போர்டு ஒப்புக்கொண்டது. பென்ஷன் கிடைத்தது. உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பனிமலை போஸ்டிங் இருந்தது, பிரஷர் இருந்தது, கிரியேட்டினின் இருந்தது. அவர் எப்படித் தெரிந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை.

“பாத்தியா, தாடி வேலை செஞ்சிருச்சு” என்று வக்கீல் சார் சிரித்தார். அப்படியும் இருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது?

நகல் வாங்க வள்ளிமயில் அக்கா மட்டும் வந்தார். ஐயா எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றிருந்தார். முகம் மழித்து, ஷூ போட்டு.

“ஐயா உள்ள வரலையாக்கா?”

“அங்குட்டே நிக்கிறேன்னுட்டாக. போர்டு நடந்த ஆஸ்பத்திரியில, பட்டாளத்துல இவுக கூட இருந்த பய ஒருத்தன் வேலை பாக்குறானாம். இவுகளத் தெரியாம, ‘பெரியவரே, வரிசையில நில்லும்’னு சொல்லியிருக்கான். இவுகளும் நான்தான்டான்னு சொல்லிக்கல. பேசாம நின்னுட்டாக.”

நகலை உறையில் போட்டு நீட்டினேன். அக்கா போகும்போது, “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீக” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. வேடம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. கால் எப்போது வீங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, சிறுநீர் எப்படிப் போகிறது, தூக்கம் உண்டா என்று நான் கேட்டு எழுதிக்கொண்டு, “போர்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள்” என்றிருந்தால் போதும். அத்தனையும் உண்மை. அதை நான் கேட்கவில்லை. அப்பா வயது ஆணிடம் சிறுநீரைப் பற்றிக் கேட்க எனக்குக் கூச்சம். தாடி வளர்க்கச் சொல்வது சுலபமாக இருந்தது. என் கூச்சத்தை மறைக்க அவருடைய மானத்தை எடுத்துக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த பாடம் இவ்வளவுதான். இதையும் கற்றுக்கொண்டேனா என்பதில் எனக்கே சந்தேகம்.

ஏனென்றால், வரும் திங்கட்கிழமை நெற்குப்பையிலிருந்து, ராணுவத்தில் நாயக்காக இருந்த ஒருவர் வருகிறார். சர்க்கரை, கிட்னி இரண்டும். “அவருக்கும் அதே மாதிரி சொல்லி அனுப்பும்மா” என்கிறார் வக்கீல் சார். சொல்லாமல் விட்டு அந்த கேஸ் தோற்றால், அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ராணுவத்தில் இருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் இப்படி ஒரு நோயாளியை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்த நாயக் மடிப்புக் கலையாத சட்டையோடு என் எதிரே வந்து உட்காரும்போது, நான் முதலில் என்ன கேட்க வேண்டும்? எப்படிக் கேட்டால் அவர் தலைகுனியாமல் பதில் சொல்வார்?