பூரணிக்குச் சமதரை இல்லையாம்

மண்சரிவுல லயத்து வீடு போனதிலருந்து பூரணியும் அவ ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துலதான் படுக்குறாங்க. வீட்டுக்கு எடம் கேட்டு நான் தொழிற்சங்கத்து ஆளா அவளக் கூட்டிக்கிட்டு தேயிலத் தோட்டத்து தொரகிட்ட எத்தன தடவ போயிருப்பேன்! "எல்லாமே சரிவு. சமதரை எங்க இருக்கு?" அதே பதில்தான்.

பூரணி டயகமப் பக்கம் பொறந்தவ. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போயி அங்கேயே இன்னொருத்திய கட்டிக்கிட்டான். இவ அழுதுக்கிட்டு உக்காரல, மறுநாளே காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நின்னா. வேலைய மேய்க்கிற கண்டாக்கு கையப் புடிச்சப்ப அவன் தொப்பியப் புடுங்கி ஓடைல வீசினவ.

போன வருஷம் மேல்மலையில பழைய தேயிலையப் புடுங்கி நெரவப் போறோம்னாங்க. எதுக்குன்னு சொல்லல. நம்மாளுங்க கேக்கவுமில்ல. வீடுதான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமையில சம்பளமில்லாம சிரமதானம். பூரணி வேரு தோண்டினா, கல்லு சொமந்தா. "வாசல் கெழக்க பாக்கணும்ண்ணே"ன்னு எடம்கூட பாத்து வச்சிட்டா. தொர வாராவாரம் வந்து பாத்தாரு, வாயத் தொறக்கல. ஓசி வேலைய எவன் நிறுத்துவான்?

அப்புறம் தாரு வந்துச்சு, வெள்ளக்கோடு வந்துச்சு. நுவரெலியா சுத்திப்பாக்க வர்றவங்களுக்குச் சின்ன பிளேன் எறங்குற ஏர்போட்டாம். ஆறாயிரம் அடி ஒசரத்துலன்னு பேனர் வேற. போயி கேட்டா, "வீடுன்னு நான் சொன்னேனா?"ங்கிறாரு தொர.

தொறப்பு விழாவுக்குப் பொம்பளைங்க கூடையோட வரிசையா நின்னு கையாட்டணும்னு உத்தரவு. பூரணியும் வந்தா. கூடைக்குள்ள சட்டி, வெறகு, பாலு. நேரா தாருக்கு நடுவுல, அவ பாத்து வச்ச எடத்துக்குப் போயி, கல்லக்கூட்டி அடுப்பு மூட்டிட்டா.

கண்டாக்கு ஓடியாந்தான். "ஏய், பைத்தியமா ஒனக்கு? பிளேன் வருது!"

"வரட்டுங்க ஐயா. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுறேன். செருப்பக் கழட்டிட்டு வாங்க, நிக்கிறது என் நடுவீடு."

வரிசையில நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்புல பேண்டு வாத்தியமே நின்னுபோச்சு. மேல பிளேன் ரெண்டு சுத்து சுத்துச்சு. அதுக்குள்ள பனிமூட்டமும் எறங்கிருச்சு. பிளேன் வந்த வழியே திரும்பிப் போயிருச்சு.

பொலிஸ்காரன் சிங்களத்துல மெரட்டினான். இவளும் சிங்களத்துலயே "மகே கெதர"ன்னா. என் வீடுங்கிறா.

இப்ப அவமேல அத்துமீறி நொழைஞ்சதா கேஸு. அத்துமீறலாம்! அவ வேரு தோண்டி நெரவுன மண்ணுல அவ கால் வச்சது குத்தம். மன்னிப்புக் கேட்டா கேஸ விட்டுர்றேன்னு தொர என்கிட்ட சொல்லி அனுப்பினாரு. மடுவத்துக்குப் போயி சொன்னேன்.

"கேக்குறேண்ணே," அப்படின்னா பூரணி. "சமதரை இருக்குன்னு அவரு கோர்ட்டுல சொல்லட்டும். அதுக்கப்புறம் கேக்குறேன்."