வட்டத்தைத் தொடாத கோடு

நேற்றுக் காலை மொட்டைமாடியில் உளுந்தைக் காயப் போட்டுவிட்டுத் தும்மிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி என்று மருத்துவச் சான்று கொடுத்து இந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து விலக்கு வாங்கியவள் உளுந்து மூட்டையோடு மாடி ஏறலாமா என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் வீட்டுக்காரர் கேட்டாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் கணித ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஏதோ ஒரு தேர்வில் ஒரு வினா தவறாம். அதை அட்டென்ட் செய்திருந்தால் முழு மதிப்பெண்ணாம். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

புதுக் கோபம் இல்லை. உளுந்துத் தூசியோடு சேர்ந்தே வருகிற பழைய கோபம். எங்கள் பக்கத்தில் சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்து காய்ந்து வீட்டுக்கு வருகிற நேரமும், பத்தாம் வகுப்புத் தாள் திருத்துகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மயிலாடுதுறையில் முகாம் போட்டார்கள். பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறினால், தண்டவாளத்தை ஒட்டி வழியெல்லாம் உளுந்துச் செடியைத் தார்ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போய் அடித்துக் கொடுக்கும். அந்தத் தூசி அத்தனையும் ஜன்னல் வழியே என் மூக்குக்குத்தான் வரும். முகாமுக்குப் போய்ச் சேரும்போது கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். திருத்த வந்தவளா, பெயிலாகி வந்தவளா என்று சந்தேகப்படும்படி இருப்பேன்.

முகாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பள்ளிக்கூடம், வகுப்பறை பெஞ்சுகள், தலைக்கு மேலே கடகடவென்று சுற்றிக் காற்றே கொடுக்காத மின்விசிறி. காலையில் ஒரு கட்டு விடைத்தாள், மத்தியானம் ஒரு கட்டு. நடுவில் வரும் மெதுவடைக்காகவே நான் வேகமாகத் திருத்துகிறேன் என்று நாகூரிலிருந்து வருகிற நசீமா டீச்சர் கேலி செய்வார். பக்கத்து பெஞ்சு அவருடையது. எங்களுக்கெல்லாம் சிவப்பு மை. நாங்கள் திருத்தியதைச் சரிபார்க்கும் முதன்மைத் தேர்வாளர் கலியமூர்த்தி சாருக்குப் பச்சை மை. தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. பதிவெண் இருக்கிற மேல்பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு ஒரு பொய் எண் போட்டிருப்பார்கள். எழுதியது பையனா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்துப் பெண்பிள்ளை என்று நான் அடித்துச் சொல்வேன். கலியமூர்த்தி சார், தன் கையெழுத்தும் இப்படித்தான் இருக்கும் என்பார்.

கணக்குத் தாளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு வராத பிள்ளைகளைத் தேர்ச்சி பெற வைக்க எங்கள் ஆசிரியர்களிடம் இரண்டே வழிதான் உண்டு. ஒன்று வரைபடம், இன்னொன்று செய்முறை வடிவியல். அப்போது ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கடைசி இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, கவராயமும் ஸ்கேலும் கொடுத்து, போடு, மறுபடி போடு என்று கையைப் பழக்குவோம். ஏன் அப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. கூடவே இன்னொன்றையும் சொல்லி அனுப்புவோம்: தப்பாகப் போட்டுவிட்டால் அடித்துவிடு, அடிக்காமல் விட்டால் திருத்துகிறவர் எரிச்சலாவார். இதைச் சொல்லாத கணக்கு வாத்தியார் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

அந்த வருடம் வடிவியல் வினாவிலேயே கைவைத்துவிட்டார்கள். முக்கோணம் வரைய வேண்டும். அடிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர், உச்சிக்கோணம் அறுபது டிகிரி, குத்துயரம் நான்கு என்று இருந்திருக்க வேண்டும். நான்குக்குப் பதில் ஆறு என்று அச்சாகிவிட்டது. இந்தக் கணக்கில் முதலில் ஒரு வட்டம் போட வேண்டும். பிறகு சொன்ன உயரத்தில், அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு வட்டத்தை வெட்டுகிற இடம்தான் முக்கோணத்தின் உச்சி. ஆறு சென்டிமீட்டரில் இழுத்தால் கோடு வட்டத்துக்கு மேலே தனியாகப் போய்க்கொண்டிருக்கும். தொடவே தொடாது. முக்கோணமும் கிடையாது.

முகாமின் முதல் நாளே கலியமூர்த்தி சார் விடைக்குறிப்போடு வந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினார். வினா தவறு, அட்டென்ட் செய்திருந்தால் முழு மதிப்பெண் வழங்கவும். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். படத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அளக்க வேண்டியதில்லை, பத்து போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வெறும் வினா எண்ணை எழுதி ஒரு கோடு கிழித்திருந்தாலும் பத்து. நான் மட்டும் வேலையற்றுப் போய் ஒன்றிரண்டு படங்களில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் அழகான முக்கோணங்கள். பக்கத்தில் குத்துயரம் ஆறு என்று எழுதியிருக்கும், அளந்தால் ஐந்துகூட இருக்காது. வட்டத்தைத் தொட வைப்பதற்காகக் கோட்டை இறக்கியிருந்தார்கள். நசீமா டீச்சர் சிரித்தார்.

“எல்லாப் புள்ளையும் கோட்டை இழுத்துக் கீழ கொண்டாந்திருக்கு பாருங்க.”

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மாட்டேன். முக்கோணம் வரும் என்று சொல்லித்தானே அனுப்பினோம்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானக் கட்டுக்குள் அந்தத் தாள் வந்தது. வடிவியல் பக்கத்தைத் திருப்பினால் அதே வட்டம் மூன்று முறை போடப்பட்டிருந்தது. ஒன்றில் கவராய முள் குத்திக் குத்தி மையத்தில் தாளே கிழிந்திருந்தது. மூன்றிலும் கோடு சரியாக ஆறு சென்டிமீட்டரில், வட்டத்துக்கு மேலே தனியாக நின்றது. கீழே பென்சிலில், எழுத்துப் பிழையோடு, கோடு வட்டத்தைத் தொடவில்லை, முக்கோணம் வராது என்று எழுதியிருந்தது. அத்தனைக்கும் மேலே மூலைக்கு மூலை பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அடித்துவிட்டது. அடுத்த பக்கத்தில் மாற்று வினாவைத் தொடங்கி ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அதற்குள் மணி அடித்திருக்கும்.

மற்ற விடைகளைக் கூட்டினேன். இருபத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. இந்தப் பத்து சேர்ந்தால் அந்தப் பிள்ளை பாஸ், சேராவிட்டால் பெயில். நான் தாளைத் தூக்கிக்கொண்டு கலியமூர்த்தி சார் மேசைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கிற தாள் வந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அரை மதிப்பெண் தேடுகிற மனுஷன். படத்தைப் பார்த்தார், பென்சில் எழுத்தைப் படித்தார், பெருக்கல் குறியைப் பார்த்தார்.

“அடிச்சதை நாம படிக்கவே கூடாதுங்களே டீச்சர்.”

“அடிக்கிறதுக்கு முன்னாடி அட்டென்ட் பண்ணித்தானே சார் இருக்கு. கேள்வி தப்புன்னு நமக்கு முன்னாடியே இந்தப் புள்ள சொல்லியிருக்கு.”

“அப்பறம் ஏன் அடிச்சிது?”

ஏன் அடித்தது என்று எனக்கா தெரியாது. அரசாங்கம் அச்சடித்த கேள்வி தப்பாக இருக்கும் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்? கோடு தொடவில்லை என்றால் தன் கைதான் சரியில்லை என்று மறுபடி போட்டிருக்கிறது. மறுபடியும் தொடவில்லை. கண் பார்த்ததை எழுதிவிட்டு, தான்தான் மக்கு என்று முடிவு கட்டி அதையும் அடித்திருக்கிறது. கோட்டை இறக்கிப் பொய்யாகத் தொட வைத்தவனுக்குப் பத்து, வெறும் எண் எழுதியவனுக்குப் பத்து, உண்மையைப் போட்டதற்குப் பூஜ்யம். இதைத்தான் சாரிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் தாளோடு முகாம் அலுவலரிடம் போனார், நானும் பின்னாலேயே போனேன். முகாம் அலுவலர் மேலே எங்கோ போன் போட்டார். நாங்கள் இருவரும் அவர் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் அறை வாசலில் தண்டனை பெற்ற பிள்ளைகளைப் போல நின்றோம். பதில் சீக்கிரமே வந்தது. விடைக்குறிப்பில் உள்ளபடி செய்யவும், அடித்த விடைக்கு மதிப்பெண் இல்லை. தாளைப் பார்க்காமலே பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது சில்லறை வேலை. மற்ற விடைகளில் எங்காவது ஒரு படிநிலைக்கு மதிப்பெண் விட்டிருக்கிறதா என்று நான் தேடினேன், சார் தேடினார். சூத்திரம் எழுதியதற்கு ஒன்று, அலகு எழுதியதற்கு அரை. நசீமா டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்து, ஒரு பின்னத்தைச் சுருக்கியிருக்கிறது என்று காட்டினார். எல்லாம் சேர்த்து முப்பத்தொன்று வரை இழுத்தோம். முப்பத்து மூன்று வந்திருந்தால் யாரும் முப்பத்தைந்தாக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். அன்று இல்லாத இடத்திலிருந்து பிடுங்க முடியவில்லை. கலியமூர்த்தி சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

கட்டுக்குள்ளிருந்து அதற்கு அடுத்த தாளை எடுத்தேன். அதில் கோடு வட்டத்தைத் தொட்டிருந்தது, குத்துயரம் ஆறு என்றும் எழுதியிருந்தது. பத்து போட்டேன்.

முடிவு வந்த பிறகு மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை விண்ணப்பித்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மறுகூட்டலில் கூட்டலை மட்டும்தான் பார்ப்பார்கள், அடித்த பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள். ஜூனில் மறுதேர்வு எழுதி பாஸ் பண்ணியிருக்கலாம். பண்ணாமல் படிப்பை விட்டிருக்கவும் செய்யலாம். வீட்டில் இன்னொரு தடவை அனுப்பினார்களோ இல்லையோ. நான் யாரைப் போய்க் கேட்பது?

சில வருடம் கழித்து, வேறொரு முகாமில், அலுவலக உதவியாளர் ஒருவரிடம் அந்த வருடத்துத் தாள்கள் எங்கே இருக்கும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொஞ்ச நாள் வைத்திருப்பார்களாம், அப்புறம் மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவார்களாம். இன்ன பொய் எண் இன்ன பிள்ளையுடையது என்று சொல்லும் கிழித்த மேல்பகுதிகளும் அதோடு போய்விடும் என்றார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டிலேயேகூட உட்கார்ந்து வந்திருக்கலாம். தன் குழந்தை கணக்கு நோட்டை நீட்டினால், எனக்குக் கணக்கு வராது, அப்பாவிடம் கேள், அம்மாவிடம் கேள் என்று தள்ளிவிட்டுக்கொண்டிருக்கும். உனக்கு வந்தது, அந்த வருடம் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவள் நீ, போட்டவன் நீ என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் ஆசைதான். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்த மூன்று வட்டமும் கூழாகிப் போய்விட்டன.