அந்தப் புள்ளியை அழிக்க மறுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் இருந்த அமுதாவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். ஆஸ்பத்திரியிலருந்து மாரண்டஹள்ளி வூட்டுக்கே கொண்டாந்துட்டோம்." நோய் அவரை வென்றுவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை. போன வாரம்கூடப் படுக்கையிலிருந்தே ஒரு கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பியவர் அவர்.

துகள்கள் மோதிச் சிதறும்போது எந்தக் கோணத்தில் எத்தனை போகின்றன என்று அளப்பது எங்கள் குழுவின் வேலை. ஒருமுறை ஒரு கோணத்தில் மட்டும் அளவு, கோட்பாடு சொன்னதைவிடக் கூடுதலாக நின்றது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. "கருவிக் கோளாறு, எடுத்துடுங்க" என்றார் குழுத் தலைவர். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அமுதா எழுந்தார்.

"கருவிய மூணு தரம் சோதிச்சிட்டேன் சார். கோளாறு எங்கன்னு காட்டுங்க, நானே அழிக்கிறேன். கணக்குக்கு ஒத்துவரலன்னு அழிக்க மாட்டேன்."

"அப்போ கட்டுரையில உங்க பேர் வராது."

"வர வேணாங்க."

ஐந்து மாதம் தனியாகக் கணக்குப் போட்டார். அந்தச் சிதறல் இரண்டு வழிகளில் நடக்கக்கூடியது. குவாண்டம் விதிப்படி இரு வழிகளின் வீச்சுகளை, அதாவது அலையளவுகளை, முதலில் கூட்டி, பிறகே வர்க்கப்படுத்தி நிகழ்தகவைப் பெற வேண்டும். அப்போது ஒன்றை மற்றொன்று கூட்டவோ குறைக்கவோ செய்யும். அந்தக் குறுக்கீடு மிகச் சிறியது என்று நாங்கள் விட்டிருந்தோம். அந்தக் கோணத்தில் அது சிறியதல்ல. அதைச் சேர்த்ததும் கோட்பாட்டின் கோடு நேராகப் புள்ளியின் மேல் போய் நின்றது.

தலைவர் கை கொடுத்தார். அமுதா சிரிக்கவில்லை. "அஞ்சு மாசம் முன்னாடியே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்" என்றார். வெளியே வந்ததும் என்னையும் விடவில்லை. "புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. தலையாட்டாதீங்க."

அடக்கத்தன்று அவருடைய பெரியப்பா அங்கலாய்த்தார்: "கல்யாணமும் கட்டிக்கல. இத்தன படிச்சி என்னத்தக் கண்டா?"

தக்காளித் தோட்டத்திலேயே காலம் கழித்த அமுதாவின் அம்மா நிமிர்ந்தார். "அவ படிச்சது உங்களுக்கும் புரியாதுங்க, எனக்கும் புரியாது. ஆனா யாருக்கும் பயந்து அவ ஒரு பொய் சொன்னதில்ல. அழறதுன்னா அழுங்க. இல்லன்னா எந்திரிச்சிப் போங்க."



இந்த அஞ்சலியைப் படிக்கும், அமுதாவோடு வேலை செய்த உங்களிடம் அவருடைய கணக்குகள் இருக்கும், அச்சிலும் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்வது, அறை முழுதும் எதிராக இருக்க அவர் எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை. அன்று நான் உட்கார்ந்திருந்தேன். இனி உட்கார மாட்டேன்.