தலைக்குப் பத்தாத தொப்பி

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ஐப்பசி அடைமழையில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தாள்.

எங்கள் பக்கம், பிள்ளையை முதன்முதலில் தொட்டிலில் போட்டுக் காதில் பேர் சொல்வது அத்தையின் உரிமை. என் கணவரின் அக்கா, என் மதினி, அடுத்த தெருவில்தான் இருந்தார். ஆனால் அவருக்குப் பிள்ளை இல்லை. மற்றவர்கள் ஒரு சொல் சொல்வதற்கு முன்னால், காய்ச்சல் என்று சொல்லி அவரே வராமல் இருந்துவிட்டார். பருத்தி நூலில் பின்னிய வெள்ளைத் தொப்பி ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டிருந்தார். காதை மூடி நிற்கும்படி, தாராளமாகப் பின்னியிருந்தார்.

சில வாரங்களில் தொப்பி காதுக்கு மேலே ஏறிக்கொண்டது. "அவ தாத்தா மண்டை. கெட்டிக்காரியா வருவா" என்று மாமியாருக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். மதினி வாசலில் நின்றே தொப்பியை வாங்கிப் போய்ப் பிரித்து, பெரிதாகப் பின்னித் தந்தார். கொஞ்ச நாளில் அதுவும் பத்தவில்லை.

அதைக் கேட்டதும் மதினி நேரே வீட்டுக்குள் வந்தார். பிள்ளையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். உச்சிக்குழி மேடிட்டிருந்தது.

"ஏட்டி, நூலு சுருங்கல. தலைதான் வளருது. முகம் அம்புட்டுலயே கெடக்கு பாரு. இன்னைக்கே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ."

"பிள்ளையக் கண்ணு வைக்காத" என்றார் மாமியார், பெற்ற மகளிடம்.

மதினியின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. பிள்ளையக் காட்டுங்க."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டாம். அதை ஒட்டி ஒரு கட்டி. அது மூளையிலிருக்கும் நீரின் வழியை அடைத்ததால்தான் தலை பெருத்தது, கருவிலேயே உண்டானது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தாலும் உறுதி இல்லை, செய்யாவிட்டால் பிழைக்காது. எனக்கு உலகமே இருண்டது. மதினியோ, கருவிலேயே என்ற சொல்லைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து விம்மி அழுதார். தன் கண்தானோ என்று அத்தனை நாளும் அவரும் பயந்திருக்கிறார்.

ஆபரேஷன் அன்று பிள்ளையை வாங்கிக்கொள்ள நர்ஸ் வந்தார். மதினி வராந்தாக் கோடியில் ஒதுங்கி நின்றார். நான் மொட்டைத் தலைப் பிள்ளையோடு நடந்துபோய் அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம் தாயி, நான் வேண்டாம்."

"தொட்டில்ல நீங்க போடல. இப்ப உள்ள நீங்கதான் குடுக்கணும், மதினி."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதுதான் அவர் அவளை முதன்முதலில் தூக்கியது. தியேட்டர் வாசல்வரை மெல்ல நடந்தார். நர்ஸிடம் கொடுக்குமுன் குனிந்து, அவள் காதில் பேரைச் சொன்னார்.

மகள் பிழைத்தாள். ஒரு கண்ணில் பார்வை மங்கல்தான். அந்தச் சுரப்பி செய்யாத வேலைக்குத் தினமும் மாத்திரை. சிறுவயதில் எங்களையெல்லாம் பாடாய்ப் படுத்துவாள்; அத்தை கொடுத்தால் மட்டும் மூச்சுக் காட்டாமல் விழுங்கிவிடுவாள்.

இப்போதும் எந்த வீட்டுத் தொட்டில் விசேஷத்துக்குப் போனாலும், கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பெண் யார் என்று தேடிப் பிடித்து, பிள்ளையை அவர் கையில் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன்.