சிவப்புத் தலை முளைகள்

வாங்க வந்தவர்

முளையின் தலையில் நான் சுத்தியலை ஓங்கிய நேரம் பெரியமடு பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் முளையைப் பார்த்தார். பின்னால் வந்த மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு தெருவை அழகாக்க, முதலில் அதை நடக்க முடியாததாக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அது இவ்வளவு விரைவில் நிறைவேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மன்னார்க் கடைத்தெருவுக்கு வடிகாலும் நடைபாதையும் போடும் திட்டத்தில் நான் மேற்பார்வையாளர். வடிகால் வரும் கோட்டில் இடுப்பளவு மர முளைகளை நட்டு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று தலையில் சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தோம். பெரியமடு மாதிரி மீள்குடியேறிய ஊர்களில் கண்ணிவெடி இருக்குமிடத்துக்கும் சிவப்புத் தலைக் குச்சிதான் அடையாளம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முளைகளுக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். அகதி முகாமிலிருந்து திரும்பியபின் அவருக்கு இருந்த ஒரே பிழைப்பு. அவரிடம் வாங்கத்தான் அந்த மனிதர் வந்திருந்தார். என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“எவ்வளவு ஆழத்தில கிடக்குது, சேர்?”

படத்துச் சனம்

வேலை முடிந்தபின் தெரு எப்படி இருக்கும் என்று காட்டப் பெரிய படப் பலகை ஒன்று வைத்தோம். கொழும்பில் வரைந்தது. நிழல் மரங்கள், சாய்மனைக் கதிரைகள், கையில் பையோடு சிரித்தபடி நடக்கும் குடும்பங்கள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இத்தனை காலம் இருந்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே தேத்தண்ணிக் கடை போட்ட ஹனிபா நானா, பலகை கடையை மறைக்கிறது என்று சண்டைக்கு வந்தார். பிறகு படத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“இதில ஒருத்தரையும் நான் கண்டதில்லை. இந்தச் சனத்தை எங்கேயிருந்து கொண்டுவந்து குடியேத்தப் போறீங்க?”

முதல் பாவனையாளர்

முன்னேற்றக் கூட்டங்களில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ‘எந்த அளவில் நிற்குது?’ என்று ஒருவர் கேட்பார். எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்பார்கள். அப்படியொரு கூட்டத்துக்கு முதல் நாள், ஈரம் காயாத நடைபாதைக் கொங்கிறீட்டில் கழுதையொன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆறுதலாக நடந்து போயிருந்தது. எங்கள் பொறியியலாளர் குளம்படிகளைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“அறிக்கையில எழுதும் ஐசே, பாதசாரிகள் பாவிக்கத் தொடங்கிட்டினம்.”

கந்தோரின் விளக்கம்

கழுதைக்கு இருந்த துணிவு சனத்துக்கு வரவில்லை. பஸ்ஸால் இறங்கியவர்கள் எதிர்ப்பக்கமாகவே போனார்கள். பிலோமினா அக்காவின் கூடை காலையில் வந்தபடியே மாலையில் திரும்பிப் போனது. “தம்பி, நீங்கள் என்னை இதில இருந்து எழுப்பினாலும் பரவாயில்லை, வேற இடம் பார்ப்பன். இது இருக்க விட்டிட்டு, விக்க விடாத வேலையெல்லோ!” என்றார். முளையைப் பிடுங்கினால் கோடு போய்விடும் என்று பொறியியலாளர் மறுத்துவிட்டார். எங்கள் திட்டக் கந்தோரின் சார்பில் நானே பஸ் தரிப்பில் நின்று, இங்கே வெடி ஒன்றும் இல்லை, பயப்படாமல் போங்கோ என்று சத்தமாகச் சொன்னேன். பாப்பாமோட்டைப் பெண்ணொருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வெடியெண்டு இங்க ஒருத்தரும் கதைக்கேல்ல சேர், நீங்கள்தான் முதல் சொல்லுறியள்.”

கயிறு

அடுத்த கிழமை நான் வந்தபோது முளைக்கு முளை கயிறு கட்டியிருந்தது. கயிறு முழுக்கப் பிளந்த பாரை மீன் தொங்கியது. சிவப்புத் தலைகளில் கட்டாக் கருவாட்டுத் துண்டுகள் குத்தியிருந்தன. பெரியமடுப் பெண்கள் கயிற்றை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மீனை நசுக்கிப் பார்த்து, விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அக்கா இது?” என்றேன்.

“வெடி கிடக்கிற இடத்தில ஒருத்தியும் மீன் காயப்போடமாட்டாள் எண்டு சனத்துக்குத் தெரியும் தம்பி. கந்தோர் சொன்னாத்தான் சந்தேகம்.”

திட்டம் எந்த அளவில் நிற்கிறது என்று இனி யாராவது கேட்டால், அது நன்றாகக் காய்ந்து வருகிறது என்று சொல்லலாம்.

பாரம் தாங்காமல் ஒரு முளை சரிந்திருந்தது. மீன் விழாதபடி கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முளையை நிமிர்த்தி அடித்தேன்.