ஆடியில் அசையாத பெட்டிகள்

எங்கள் வீட்டில் எல்லோரும் காலையில் தங்கம் விலை பார்ப்பார்கள். நான் கப்பல் வாடகை பார்ப்பேன். தி.நகர் பாண்டி பஜாருக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. அதுதான் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் என் அலுவலகம். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தைத் தவிர்க்கிறது, எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

தாக்குதலுக்கு அஞ்சிச் செங்கடல் பக்கம் போகாமல், ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றத் தொடங்கியிருந்த நேரம். ஆனி மாதக் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் படியேறி வந்தார். அவர் மகள் லண்டனில் நல்ல வேலையை விட்டுவிட்டுப் புடவைக்கடை திறக்கிறாளாம். தீபாவளிதான் முதல் வியாபாரம். அறையைச் சுற்றிப் பார்த்தவர், "ஆம்பளையாளு யாரும் இல்லியாம்மா?" என்றார்.

"இருக்காங்க அண்ணாச்சி. டீ வாங்கப் போயிருக்காங்க."

உடனே ஏற்றிவிடச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஆடி பொறக்கப் போவுது. மவளுக்கு மொத மொத அனுப்புத சரக்கு. ஆவணி ஒண்ணாந் தேதி ஏத்திருவோம்."

"ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே?"

"அது ஆத்துக்குத்தாம்மா. கப்பலுக்கு இல்ல."

ஆடித் தள்ளுபடி என்று ஊரையே கூட்டி விற்கிற மனிதர், மகளுக்கு மட்டும் ஆடியில் ஒரு கைக்குட்டைகூட அனுப்ப மாட்டார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அண்ணாச்சியின் பெட்டிகள் அசையவில்லை.

ஆவணி முதல் தேதி, ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமம் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார். அன்று மாலையே செய்தி வந்தது. நாங்கள் இடம் பிடித்திருந்த கப்பல் இந்த முறை சென்னைக்கு வராது. அடுத்ததைப் பிடித்தால், ஆப்பிரிக்காவைச் சுற்றித் தீபாவளிக்கு முந்தின வாரம் போய்ச் சேரலாம். அப்போது வாங்கி, எப்போது ரவிக்கை தைத்துக் கட்டுவது? முழுக்க விமானத்தில் அனுப்பலாமென்றால், கப்பலை நம்பியவர்கள் எல்லாம் அங்கேதான் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். வாடகை புடவை விலையைத் தாண்டியது.

அண்ணாச்சி என் எதிரே வந்து உட்கார்ந்தார். "வேலய விட்டுட்டு எறங்கிருக்கா தாயி. கட காலியா கெடந்தா அவ என்ன செய்வா?"

நான்தான் அப்போதே சொன்னேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

சில வாரங்களாகவே எனக்கு ஒன்று கண்ணில் பட்டிருந்தது. துபாய் போகும் கப்பல்கள் செங்கடலைத் தொட வேண்டியதில்லை. அவை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. துபாய்வரை கப்பல், அங்கிருந்து விமானம். முழு விமானத்தைவிட வாடகை எவ்வளவோ குறைவு.

"பாதி வழி தண்ணி, பாதி வழி வானமா?" என்றார்.

"பஸ் மாறிப் போறதில்லையா அண்ணாச்சி? அப்படித்தான்."

இந்த யோசனை நாளைக்கு எல்லோருக்கும் வரும் என்று தெரியும். அதனால் துபாயிலிருந்து கிளம்பும் விமானத்தில்தான் முதலில் இடம் பிடித்தேன், அப்புறம்தான் கப்பலில். பிறகு பெட்டிகளைத் துறைமுகத்துக்கு அனுப்பினேன். லாரி டிரைவர் போனில், "மேடம், கேட்டாண்ட லைன் நின்னுகினு கீது. நா பூந்துருவேன், வுடுங்க" என்றார். சொன்னபடியே புகுந்தார்.

புரட்டாசியிலேயே பெட்டிகள் லண்டன் சேர்ந்தன. அந்த மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அலமாரி நிறையப் புடவை, கடை நிறையப் பெண்கள். அண்ணாச்சி போனை என் பக்கம் திருப்பி, "இவியதான்" என்றார்.

அடுத்த வருடம் ஆடி பிறந்ததும் தம்பியோடு வந்தார். "ஆடிலயாண்ணே?" என்று தம்பி இழுத்தார்.

"ஏல, கப்பலப் பத்தி ஒனக்குத் தெரியுமா, இந்தம்மாவுக்குத் தெரியுமா? பெருக்கு அன்னிக்கு ஏத்துதோம்."

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது, "சாம்பார் ஆறுது" என்றார் என் கணவர். ஆறட்டும் என்று மூன்றாவது தடவையும் சொன்னேன்.