நாலாவது கட்டை

வீட்டை இடித்துக் கட்ட கான்ட்ராக்டர் வேண்டாம், நானே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது சொந்தக்காரர்களில் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட பிறகு என் வீட்டுக்காரருக்கு வாழ்க்கை சக்கர நாற்காலியில்தான். சூலூரில் எங்கள் பழைய வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகக்கூட அவருக்கு ஆள் வேண்டும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"தெருமுக்குப் பேக்கரிக்கு நானே போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வரோணும் அம்மணி. ஒருத்தரும் கூட வரக் கூடாது."

அதற்காகத்தான் அத்தனை இடிப்பும்.

கதவுகளை அகலப்படுத்தினேன். உள்ளே தரை முழுவதையும் ஒரே மட்டமாக்கினேன். வாசல் படிகளை உடைத்துச் சாய்தளம் போட்டேன். சாய்வு செங்குத்தாக இருக்கிறது என்று, போட்ட கான்கிரீட்டையே பெயர்க்க வைத்தேன். மணல் லோடு வந்தால் நான் நிற்பேன், சுவருக்குத் தண்ணீர் விடவும் நானே நிற்பேன். கொத்தனார் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார். அது என்னவென்றும் எனக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது தலைவாசல் நிலவு. வாசற்கால் சட்டத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மேலே ஒரு கட்டை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, கீழே தாண்டி வர ஒன்று. படி என்கிற அந்தக் கீழ்க்கட்டைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். அதை யாரும் மிதிக்க மாட்டார்கள். குழந்தை மிதித்தாலும் அதட்டுவோம். எனக்கு அந்த நாலாவது கட்டை வேண்டாம் என்று ஆசாரியிடம் சொன்னேன். மனுஷனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"படியில்லாத நெலவு ஊட்டுக்கு ஆகாதுங்கக்கா."

"ஆகுமுங்க. நீங்க செய்யுங்க."

பக்கத்தில் என் தம்பி நின்றிருந்தான். சின்ன வயதிலிருந்து எனக்கு மறுபேச்சுப் பேசாதவன். "அக்கா சொல்றபடியே செஞ்சுபோடுங்க" என்றான். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை நிலவு வைப்பதாகப் பேச்சு. அதற்கு முன்பு புதன்கிழமை, அவரைப் பிசியோதெரபிக்கு ஆர்.எஸ்.புரம் கூட்டிப் போனேன். "நான் இருக்கறனல்ல, நிம்மதியாப் போயிட்டு வாங்கக்கா" என்று தம்பிதான் காரில் ஏற்றிவிட்டான். சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் நிலவு நிற்கிறது. மாவிலை, மஞ்சள் துணி முடிச்சு, தேங்காய் உடைத்த ஈரம். கீழே, நாலு விரல் உயரத்துக்கு, குங்குமப் பொட்டோடு அந்தக் கட்டை.

தம்பி முன்னால் வந்தான். "கோவிச்சுக்காதீங்கக்கா. இன்னைக்குத்தான் நாள் நல்லா இருக்குதுன்னாங்க."

"நாள் கெடக்கட்டும். கீழ என்னடா அது?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "படியில்லாட்டி ஊட்டுல மனுசங்க நெலைக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் தகடு போட்டு ஏத்திக்கலாமுங்கக்கா."

தகடும் போட்டுப் பார்த்தோம். பின்னால் ஒருவர் தள்ளினால் நாற்காலி ஏறியது. அவராக உருட்டினால் பாதி ஏறிப் பின்னால் வழுக்கியது. அறுத்து எடுங்கள் என்று ஆசாரியிடம் சொன்னேன். "பூசை போட்ட நெலவுல ரம்பம் வெக்க மாட்டேனுங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிங் மெஷினை நானே வாடகைக்கு எடுத்து வந்தேன். பிளக்கைச் சொருகிவிட்டுக் கட்டையருகே குனிந்தபோது என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து பேசினார்.

"உட்டுரு அம்மணி. நாந்தான் உந்தம்பிக்குப் போன் பண்ணி வெக்கச் சொன்னேன்."

நான் மெஷினைக் கீழே வைத்தேன்.

"எனக்கோசரம் படிய எடுத்துப்போட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? ஊரு என்னையத்தான் சொல்லும். எனக்கே அப்படித்தான் தோணும்."

பாசமாம். பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை ஒத்துக்கொண்டும் இருப்பேன். இரண்டு பேரும் என் எதிரில் தலையாட்டினார்கள். என்னை வெயிலில் நிற்கவிட்டுத் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தப் புதன்கிழமை காரில் போகும் வழியெல்லாம் அவர் என்னிடம் சாய்தளத்துக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று தம்பியும் இன்னொருவரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மச்சான் என்றால் இப்படி இருக்கோணும் என்று சொந்தமெல்லாம் மெச்சியது. நான் விருந்தாளிகளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எல்லோரும் போன பிறகு, பேக்கரிக்கு நான் தனியாகப் போய் ஒரு டீ குடித்தேன். கடைக்காரர் கிளாஸை வாங்கிக்கொண்டே, "அண்ணனுக்குப் பார்சல் கட்டட்டுங்களாக்கா?" என்றார்.

"வேண்டாங்க. அவரே வந்து குடிப்பாரு."

வீட்டுக்குத் திரும்பினேன். அவர் நாற்காலியைக் கட்டைக்கு உட்புறம் ஒட்டி நிறுத்தித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தார். நான் அந்த மஞ்சள் பூசிய கட்டையை நன்றாக மிதித்து உள்ளே போனேன்.